ஒரு பகல், பத்தாயிரம் கிலோமீட்டர்

அத்தியாயம் 17

போன வார அத்தியாயத்தில் ஹிருத்தை சாவ் பாவ்லோவில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். "கதவை மூடறாங்க. அப்பா கையைப் பிடிச்சு, நான் வர்றேன்னு சொல்லு" என்று தம்பி நெபியுவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

நெபியு அதைப் படித்துவிட்டு உள்ளே போனான். அப்பாவின் கையைப் பிடித்தான். சொன்னான். லெகெஸ்ஸே கண்ணைத் திறக்கவில்லை. விரல் மட்டும் ஒருமுறை அசைந்தது. அடுத்த அரை மணியில் மூச்சு நின்றுவிட்டது.

மூன்று வருஷம் மகளோடு பேசாமல் வீம்பு பிடித்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் "அவளை வரச் சொல்லு" என்று வாயைத் திறந்தார். அவள் அட்லாண்டிக் கடலைத் தொடுவதற்குள் இவர் புறப்பட்டுவிட்டார். பொறுமைக்கும் அவருக்கும் என்றைக்குமே ஆகாது. ஜிபூத்தி துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய காலத்தில், கிளீனர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுகிற மனுஷன்.

மூத்த அக்கா அஸ்கலேயின் அலறலில் தெரு கூடிவிட்டது. சாவுக் காரியங்களைப் பார்க்கிற இத்திர் சங்கத்து ஆட்கள் கூடாரத்தையும் பெஞ்சுகளையும் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். கொம்பு ஊதுகிறவன் நாலு தெருவும் சுற்றி, "லெகெஸ்ஸே போய்விட்டார், இன்று ஒன்பது மணிக்கு அடக்கம்" என்று சொல்லிவிட்டு வந்தும் ஆயிற்று.

எங்கள் ஊரில் மணி சூரியனோடு புறப்படும். ஒன்பது என்றால் விடிந்து ஒன்பது மணி நேரம், வெயில் சாயத் தொடங்கும் நேரம். காலையில் போனவரை அன்றைக்கே ஒன்பதுக்கு மண்ணில் வைப்பதுதான் வழக்கம்.

ஹிருத்தின் விமானம் இறங்குவது பன்னிரண்டுக்கு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு.

நடுவில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் சண்டை.

"எவ்வளவு தூரம்ப்பா அந்த ஊரு?" என்று நெபியுவிடம் கேட்டார் சங்கத் தலைவர் செயூம்.

"பத்தாயிரம் கிலோமீட்டர் மாமா. கொஞ்சம் குறையும்."

"ஜிபூத்திக்குப் பதினோரு தடவை போற தூரம்! உங்கப்பனா இருந்தா ஒரு மாசம் ஓட்டுவான்."

"விமானம் பதினொன்றரை மணி நேரத்துல வந்துடும் மாமா."

"கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்ல முடியாதா? நம்ம ஊர் விமானம்தானே? ஓட்டறவனும் நம்ம பையனாத்தான் இருப்பான்."

கூடாரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். செயூம் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

"அடக்கத்தை நாளைக்குத் தள்ளி வெச்சுடலாம்" என்றான் நெபியு.

உள்ளேயிருந்து அஸ்கலே வெளியே வந்தாள். அறைந்துகொண்டு அழுததில் கன்னம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் கத்தி மாதிரி இருந்தது.

"யாரு சொன்னது நாளைக்குன்னு?"

"ஹிருத் முகம் பார்க்க வேண்டாமாக்கா?"

"மூணு வருஷமா பார்க்காத முகம். அப்பாவுக்கு வாய் கோணிப்போய் படுத்தப்ப அவ எங்கே இருந்தா? ருசி பார்க்கற வேலைன்னு பிரேசில்காரன் காப்பியை உறிஞ்சி உறிஞ்சித் துப்பிக்கிட்டு இருந்தா. இங்கே பீத்துணி அலசினது யாரு?"

"நீதான். யாரு இல்லேன்னா?"

"அப்போ நான் சொல்றது நடக்கட்டும். அப்பாவை ராத்திரி முழுக்க வாசல்ல காக்க வெச்சு, ஊரெல்லாம் கண்ணு முழிச்சு... அந்த மகாராணிக்காகவா?"

அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கட்டிலோடு கிடந்த மனுஷனைப் புரட்டிப் படுக்க வைத்தவள் அவள்தான். கூடப்பிறந்தவள் மேல் அவளுக்கு இருந்தது பொறாமையும் இல்லை, வெறுப்பும் இல்லை. அலுப்பு. அலுத்துப்போன மனுஷிக்கு எல்லாம் சட்டென்று முடிந்தால் போதும் என்றிருக்கும்.

நெபியுவின் போன் சிணுங்கியது.

"விமானத்துல வைஃபை வாங்கிட்டேன். அப்பா கஞ்சி குடிச்சாரா?"

அக்காவிடம் காட்டினான்.

"குடிச்சார்னு போடு" என்றாள் அஸ்கலே.

"அக்கா..."

"போடுடா. ஆகாயத்துல தனியா உட்கார்ந்திருக்கறவளுக்குச் சாவு சொல்லுவியா? போன்ல சாவு சொல்றதுக்கு நாம என்ன வளர்ப்பு இல்லாதவங்களா? அது மெர்தோடா. நாலு பெரியவங்க விடியற்காலையில போய், பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுச் சொல்ற சேதி."

'குடிச்சார்' என்று போட்டான். செய்தி வந்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"எவ்வளவு?"

"பாதிக் கிண்ணம்."

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டார். வந்துட்டு இருக்கேன்னு சொன்னேன்."

பொய்க்கு வாயிருந்தால் போதும் என்பார்கள். நெபியுவுக்குக் கட்டைவிரல் போதுமாக இருந்தது. மூன்று பொய்யையும் போட்டுவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். உடனே வெளியே எடுத்தான். மறுபடி வைத்தான். பிறகு யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்கு நடந்தான்.

பாதிரியார் முடியாது என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"கொம்பு ஊதியாச்சு. குழி தோண்டறாங்க. நாளைக்கு ரெண்டு அடக்கம் ஏற்கெனவே இருக்கு. செத்தவரைக் காக்க வைக்கறது அழகில்லை, மகனே."

"என் அக்கா வானத்துல இருக்கா ஃபாதர்."

"உங்க அப்பா அதுக்கும் மேலே இருக்கார்" என்று சொல்லிவிட்டு அவர் சிலுவையை நீட்டினார். நெபியு குனிந்து முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தான். பதில் சொல்ல முடியாத வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவதில் பாதிரிமார்களை மிஞ்ச ஆளில்லை.

வெளி வாசலில் தெரெஜே நின்றிருந்தான்.

தெரெஜே ஹிருத்தின் கணவன். இருந்தவன் என்பதா, இருப்பவன் என்பதா என்று இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கே குழப்பம்தான். "வேலையா, நானா?" என்று மூன்று வருஷத்துக்கு முன் கேட்டான். அவள் வேலை என்றாள். லெகெஸ்ஸே மருமகன் பக்கம் நின்றார், மகளோடு பேச்சை நிறுத்தினார். அவள் போன பிறகும் தெரெஜே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனாரைப் பார்க்க வந்தான். கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிறான். அன்று காலையும் முதல் பெஞ்சைத் தோளில் தூக்கி வந்தவன் அவன்தான்.

"முடியாதுன்னுட்டாரா?" என்றான்.

"ஆமா அத்தான்."

அத்தான் என்ற வார்த்தை நெபியு வாயில் மூன்று வருஷத்துக்கு அப்புறம் தானாக வந்து விழுந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி நின்றார்கள்.

"இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுத் தெரெஜே உள்ளே போனான்.

நெபியு உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்கும் மரத்துக்கும் நடந்தான். போன் மறுபடி சிணுங்கியது.

"அப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"தூங்கறார்."

"தூங்கறதையே எடு."

வீட்டிலிருந்த அஸ்கலேக்குப் போன் போட்டான். "போன வாரம் எடுத்தது இருக்குல்ல, அதை அனுப்பு" என்றாள் அவள். தலையணையில் சாய்ந்து, ஒரு கண் மூடி ஒரு கண் பாதி திறந்து அப்பா படுத்திருந்த படம். அனுப்பினான்.

பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"சரி."

அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. "என்ன பண்றே?" என்று இவனாகக் கேட்டான். "சாப்பாடு குடுத்தாங்களா?" என்று கேட்டான். அவள் பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. கேள்வி வந்தபோது பொய் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது கேள்வி வராதது அதைவிட மோசமாக இருந்தது.

தெரெஜே வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்கு வெயில் ஏறினதும், நாலு மணிக்கு. செயூம் மாமாகிட்டச் சொல்லி மறுபடி கொம்பு ஊதச் சொல்லு."

"எப்படி ஒத்துக்கிட்டார்? என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"அது அவருக்கும் எனக்கும்."

"அத்தான்..."

"நெபியு, ஒண்ணு மட்டும் செய். அவகிட்ட என் பேரைச் சொல்லாதே."

கொம்புக்காரன் இரண்டாம் முறையும் நாலு தெரு சுற்றினான். ஒரே சாவுக்கு இரண்டு தடவை கொம்பு ஊதியது எங்கள் பேட்டையில் அதுதான் முதல் தடவை. "என்ன, லெகெஸ்ஸே எழுந்துட்டாரா?" என்று ஒரு கிழவர் கேட்டதாகக் கேள்வி.

அஸ்கலே ஆடித் தீர்த்தாள். பாத்திரம் ஒன்று உருண்டது. அவித்த கோதுமையும் கடலையும் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆனால் கொம்பு ஊதியது ஊதியதுதான். அவளுக்கும் அது தெரியும்.

"சரி, நாளைக்கே நடக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஆனா இதைக் கேட்டுக்கோ. இன்னிக்கு ராத்திரி அவளுக்கு ஒரு சொல் தெரியக் கூடாது. வாசல்ல கூடாரத்தைப் பார்த்தா நெஞ்சு வெடிச்சுடுவா. செயூம் மாமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். அப்பா ஆஸ்பத்திரியில, பார்க்க விடமாட்டாங்கன்னு சொல்லுவோம். சாப்பிடட்டும், தூங்கட்டும். விடிஞ்சதும் முறையாச் சொல்லுவோம்."

"ஒரு ராத்திரி முழுக்க அவகிட்ட நடிக்கணுமா? என்னால முடியாதுக்கா."

"பகல் முழுக்க நடிச்சவன்தானே நீ?"

அவன் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"அடக்கத்துல நீ ஜெயிச்சே. இதுல நான். போய் முகத்தைக் கழுவு. கறுப்புச் சட்டையைக் கழற்று."

வெயில் சாய்ந்தது. ஒன்பது மணி ஆனது. அடக்கத்துக்கென்று முதல் கொம்பைக் கேட்டுவிட்டு இரண்டாம் கொம்பைக் கேட்காத நாலைந்து பேர் வந்து, விஷயம் தெரிந்து, கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நெபியு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் வரவில்லை.

விமான நிலையத்துக்குக் கிளம்புகிற கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாவு வீட்டின் பின்கட்டில் நாலு பேர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டார்கள். செயூம் கோட்டில் பூ குத்திக்கொண்டார். அவர் மனைவி ஒரு பூங்கொத்து வாங்கி வந்தாள். அஸ்கலே மஞ்சள் உடை போட்டு, வீங்கிய கன்னத்தில் பவுடர் அப்பி, உதட்டுக்குச் சாயம் பூசினாள். மேலே போர்த்திய வெள்ளை நெத்தெலாவின் வண்ணக்கரை முகத்தை ஒட்டி இருந்தது. துக்கத்தில் பெண்கள் அப்படித்தான் போர்த்துவார்கள்.

"கரை, கரை" என்றாள் செயூமின் மனைவி. "கீழே தள்ளிப் போடு. முதல்ல அதைத்தான் பார்ப்பா."

அஸ்கலே துணியைத் திருப்பிக் கரையைக் கீழே தொங்கவிட்டாள். கண்ணாடியில் பார்த்தாள். "அப்பா, மன்னிச்சுடு" என்றாள். உதட்டுச் சாயம் கலையக் கூடாதே என்று வாயை இறுக்கிக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

தெரெஜே மட்டும் வரவில்லை. சவப்பெட்டியின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

விமான நிலையத்தில் கார்கள் நிற்கும் பக்கம் ஒரே கூட்டம். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வர வர, கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பமாகக் குலவையிட்டது. இவர்கள் பூங்கொத்தோடு நின்றார்கள். நெபியு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"சிரிடா" என்றாள் அஸ்கலே பல்லைக் கடித்துக்கொண்டு.

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பல்லுவலி வந்தவன் மாதிரி இருக்கு."

கூட்டத்துக்கு நடுவில் ஹிருத் வருவதைச் செயூம்தான் முதலில் பார்த்தார். உயர்த்திய பூங்கொத்தை அப்படியே தாழ்த்தினார்.

சின்னப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் அவள் நடந்து வந்தாள். தலையோடு நெத்தெலா போர்த்தியிருந்தாள். வண்ணக்கரை முகத்தை ஒட்டி, தாடைக்குக் கீழே சுற்றியிருந்தது.

பளபளவென்று உடுத்தி, பூவோடு நிற்கும் நாலு பேர். எதிரே, துக்கத்தில் போர்த்திய ஒருத்தி. யாருக்கும் குலவையிட வாய் வரவில்லை.

"யாருடி சொன்னா உனக்கு?" என்றாள் அஸ்கலே.

"நெபியு."

"அக்கா சத்தியமா நான் சொல்லலே!" என்று பதறினான் அவன். "கஞ்சி குடிச்சார்னுதான் போட்டேன். தூங்கறார்னுதான் போட்டேன்!"

"உடனே போட்டியேடா" என்றாள் ஹிருத். "மூணு வருஷமா நான் ஒண்ணு கேட்டா மூணு நாள் கழிச்சுப் பதில் போடறவன் நீ. 'அப்பாவுக்கு மருந்து கிடைச்சுதா'ன்னு கேட்டதுக்கு ஒரு வாரம் ஆச்சு உனக்கு. இன்னிக்கு நான் அனுப்பிட்டுக் கையை எடுக்கறதுக்குள்ள குடிச்சார்ங்கறே. கேட்டார்ங்கறே. அப்பவே அப்பா இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு."

நெபியு அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கப் போனான். அவள் விடவில்லை.

"இத்தனை மணி நேரம் தெரிஞ்சுக்கிட்டா வந்தே? தனியாவா?" என்றாள் அஸ்கலே.

"பக்கத்துல ஒரு பிரேசில்காரர். குறட்டை விட்டுக்கிட்டு வந்தார்."

"எங்களைக் கேட்டிருக்கலாமேடி!"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? இன்னொரு கிண்ணம் கஞ்சி குடிச்சார்ம்பீங்க."

அவள் குரல் அதுவரை நிதானமாகத்தான் இருந்தது.

"சீட்டுக்கு முன்னாடி ஒரு திரை இருக்கும்க்கா. விமானம் எங்கே போகுதுன்னு காட்டிக்கிட்டே இருக்கும். இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு. என் கைக்கடிகாரத்தை நம்ம ஊர் நேரத்துக்கு வெச்சுக்கிட்டேன். காலையில போயிருந்தா ஒன்பதுக்கு அடக்கம்னு எனக்குத் தெரியாதா? கடல் முடிஞ்சுது. கரை வந்துது. ஒன்பது மணிக்கு விமானம் காங்கோவுக்கு மேலே இருந்துது. இன்னும் ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்னு போட்டிருந்தான். இப்ப அப்பாவைக் குழியில இறக்கறாங்கன்னு நெனச்சேன். உட்கார்ந்திருக்க முடியல. எழுந்து நடுப்பாதையில நின்னுட்டேன். உட்காருங்கம்மா, விமானம் ஆடுதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எங்க அப்பாவைப் புதைக்கறாங்க, ஒரு பத்து நிமிஷம் நிக்கறேன்னேன். அந்தப் பொண்ணும் பக்கத்துல நின்னுது."

அஸ்கலே வாயைப் பொத்திக்கொண்டாள். பூங்கொத்து யார் கையிலிருந்தோ நழுவிக் கீழே விழுந்தது.

"சரி, போகலாம்" என்றாள் ஹிருத். "வீட்டுக்கு வேண்டாம். நேரா கல்லறைக்குப் போயிட்டு..."

"கல்லறைக்கு எதுக்கு?" என்றான் நெபியு. "அப்பா வீட்டுலதான் இருக்கார். புதைக்கலக்கா. நாளைக்குத்தான். உனக்காக வெச்சிருக்கோம்."

ஹிருத் அவனையே பார்த்தாள். அவன் சொன்னது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பெட்டியின் பிடி தானாகக் கையிலிருந்து நழுவியது. பெருங்கடலையும் அரை ஆப்பிரிக்காவையும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கடந்து வந்தவள், கார்கள் நிற்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று ஊரே திரும்பிப் பார்க்க அலறினாள்.

அஸ்கலே மஞ்சள் உடையோடு பக்கத்தில் மண்டியிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கு முகம் காட்டாம அனுப்பிடுவேனாடி நான்?" என்று அவளும் அலறினாள்.

காலையிலிருந்து அக்கா என்னென்ன பேசினாள் என்பது நெபியுவுக்கு ஞாபகம் இருந்தது. அவள் அப்போது சொன்னதும் பொய்யில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செயூம் வீட்டுக்குப் போகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கார் நேராக வீட்டுப் பக்கம் திரும்பியது. பின்சீட்டில் அக்காவின் தோளில் சாய்ந்திருந்த ஹிருத், அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் நிமிர்ந்தாள்.

"கொம்பு ஊதின பிறகு நம்ம பாதிரியார் அடக்கத்தைத் தள்ளிப்போட்டு நான் கேள்விப்பட்டதே இல்லையே. யாருடா போய்ப் பேசினா? முதல்ல அவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் நான்."

நெபியு அஸ்கலேயைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"சொல்லுடா. அவங்க இப்ப எங்கே இருக்காங்க?"

"வீட்டுல" என்றான் நெபியு. "அப்பா தலைமாட்டுல."